இரண்டு நிமிடம்

முதல் தடவை
குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்தார்.
எவ்வளவு சுரண்டியும் போகாமல்
கழுத்தில் பாதி மயில் ஒட்டியிருந்தது.
"நல்லாக் கழுவிட்டேம்மா, மூணு தடவை."
எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன்.
உள்ளே இருந்த தண்ணீரையே காட்டினார்.

சேப்பாக்கம், இரண்டாம் மாடி,
லிஃப்ட் ஓடாத கட்டடம்.
ஊத்துக்கோட்டைக்கு அப்பால் எங்கிருந்தோ கிளம்பி
மாதவரத்தில் பஸ் மாறி வந்தவரை
விதி எண் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.
பெயர் ஏசுபாதம். தொட்டி ஆபரேட்டர்.
சம்பளம் எவ்வளவென்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
பஸ் காசு போக மிச்சத்தையும் சொன்னார்.

கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து
பாடம் எடுத்தேன்:
ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுடுங்கள்.
இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்.
மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது.
ஐஸில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் இங்கே.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்
ஒன்றில் மட்டும் நின்றார்.
"ரெண்டு நிமிசம் சும்மா ஓடவுடறதா?
எங்க தெருவுல ஒரு வீட்டுக்குப் பங்கே
நாலு நிமிசந்தாம்மா."

அடுத்த செவ்வாய் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது.
மூடிமேல் மார்க்கரில் 'வவ்வால்' என்று எழுதியிருந்தது.
ஆய்வுக்கூடமெல்லாம் மீன் வாடை.
மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார்.
வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தேன்:
நான்கு டிகிரி.
கம்பெனிகள் நீலப் பெட்டியில் அனுப்பும் மாதிரி எதுவும்
இவ்வளவு குளிர்ந்து வந்ததில்லை.
"அந்த ரெண்டு நிமிசத் தண்ணி?"
"ஒன்றரைக் குடம். வேதம்மா வீட்டு மாட்டுக்கு."

வடிதாளில் நூறு மில்லி.
நாற்பத்து நான்கரை டிகிரியில் ஓர் இரவு.
காலையில் தட்டை எடுத்தால்
யாரோ பேனாவை உதறியது போல நீலப் புள்ளிகள்.
நாற்பத்தொன்று.
அறிக்கையில் அதற்குப் பெயர் 'உகந்ததல்ல'.
போனில் வேறு பெயர்:
"அண்ணே, தண்ணியில மலம் கலக்குது."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"இப்பதாம்மா நானே தொறந்துவுட்டேன்."

வால்வுக் குழி சாக்கடையில் முங்கிக் கிடந்ததும்,
அதைத் தூக்கிக் கட்ட ரெண்டு மூட்டை சிமெண்டுக்கு
ஒன்றிய அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்ததும்,
எட்டாம் முறை நடக்காமல் கடனுக்கு வாங்கியதும்
என் பதிவேட்டில் இல்லை.
மருந்து வாசம் என்று ஊரே முகம் சுளித்து
கேன் தண்ணீர் வண்டியைக் கைகாட்டி நிறுத்தியதும் இல்லை.
என் பதிவேட்டில் இருப்பவை எண்கள்.
நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு,
மழைக்குப் பிறகு அறுபது,
ஒன்பது.

ஐந்தாவதை போனில் சொன்னேன். "பூஜ்யம்."
"ஐயோ. ஃபெயிலா?"
"இல்லண்ணே, இந்தப் பரீட்சையில அதுதான் பாஸ்."
ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல.
பின்னால் ஒரு பெண் குரல்:
"அடுத்த மாசமும் பூஜ்யமா இருக்குமான்னு கேளு."
அதற்கு எங்களிடம் பரிசோதனை இல்லை.

வைக்கும் முன் அவர் கேட்டார்,
"உங்க வீட்டுத் தண்ணி எவ்வளோம்மா?"

பதினோரு வருடமாக ஊர் ஊராய் எண்ணுகிறேன்.
வியாசர்பாடியில் என் வாசல் அடிபம்பை எண்ணியதில்லை.
மஞ்சளாக வந்தால் வேட்டித் துணி கட்டுவோம்.
நாறினால் தெரு இரண்டு நாள் பேசும்,
மூன்றாம் நாள் பழகிவிடும்.

விடியற்காலை நாலேகால்.
பம்பின் இரும்பு வாயில் பஞ்சு எரிகிறது.
மாடிப்படியில் குடத்தோடு நிற்கும் ரஹமத்துன்னிசா,
"என்னடி, பம்புக்குக் கற்பூரம் காட்டுறியா?" என்கிறாள்.
பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.
அடித்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே
அவள் குடம்.